இரண்டாம் பக்கம் பார்க்கவும்

ஏப்ரல் ஒன்பது. துலூத் துறைமுகத்தில்
பனிக்கட்டி இன்னும் உடைந்து தீரவில்லை.
சலவைக்கடைக்கும் தூண்டில்கடைக்கும் நடுவில்
என் மேசை, கணிப்பொறி,
யாரும் தொடாத ஒரு கிண்ணம் புதினா மிட்டாய்.
வரி கட்டுகிறவர்கள் வரிசையில் வருகிற மாதம்.

டாரெல் ஹோக்லண்ட் பனி அள்ளும் லாரி ஓட்டுகிறவன்.
ஜோலீன் பள்ளிக்கூடத்துச் சமையலறையில்.
ரசீதுகளை ஒரு காலணிப் பெட்டியில் கொண்டுவந்தார்கள்.
கடைசியாகத்தான் அதைத் திறந்தார்கள்,
வேறெல்லாம் கேட்டு முடித்த பிறகு,
மருத்துவரிடம் கிளம்பும் நேரத்தில்
"இன்னொன்று" என்பார்களே, அப்படி.

முகமைக்கு ஆறாயிரம்.
வீட்டைச் சோதிக்க வந்த பெண்ணுக்கு ஆயிரத்து எண்ணூறு
(மாடிப்படியில் கைப்பிடி ஆடுகிறது என்று எழுதிப் போனாளாம்,
அன்றிரவே டாரெல் சரிசெய்தான்).
வக்கீலுக்கு மூவாயிரத்து நானூறு.
அந்த வக்கீல் ரசீதின் பின்னால்
பென்சிலில்: படகு விற்றது, 3,250.

"குழந்தையின் பெயர்?" என்றேன்
திரையைப் பார்த்தபடி.
படிவம் கேட்கிற வரிசையில்தானே நானும் கேட்பேன்.

ஜோலீன் ஜன்னலைப் பார்த்தாள்.
டாரெல்தான் சொன்னான்:
இந்த மாநிலத்தில் பெற்றவள் கையெழுத்திட
எழுபத்திரண்டு மணி நேரம் ஆக வேண்டுமாம்.
அறுபத்தொன்பதாவது மணியில்
அந்தப் பெண் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு
"என்னால் முடியாது" என்றாளாம்.
"பத்தொன்பது வயது, மார்லிஸ். அவள் செய்ததுதான் சரி" என்றான்.
சரி என்ற சொல்லை
வண்டிச் சங்கிலியைப் போல இறுக்கிச் சொன்னான்.

எனக்கு விதி தெரியும். இருந்தும் கையேட்டைப் புரட்டினேன்,
கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது.
கைகூடாத தத்துக்கும் சலுகை உண்டு.
செலவழித்த வருடத்தில் கேட்க முடியாது,
அடுத்த வருடம் கேட்கலாம்.
பெயர் எழுதும் கட்டத்தில்
எழுதச் சொல்லியிருப்பது இவ்வளவுதான்:
இரண்டாம் பக்கம் பார்க்கவும்.

இரண்டாம் பக்கத்தில்
முகமையின் பெயரும் முகவரியும்.

இருபத்தாறு வருடமாக இந்தத் தொழில்.
எத்தனையோ பேரை எத்தனையோ கட்டத்தில் அடைத்திருக்கிறேன்.
வராதவளுக்கும் ஒரு வரவு வைக்கத்
தலைநகரத்தில் எவனோ ஒரு குமாஸ்தா
ஒரு மத்தியானம் உட்கார்ந்து யோசித்திருக்கிறான்.
அவனை வாழ்த்தத் தோன்றியது,
அடுத்த வரியைப் படிக்கும் வரைக்கும்.

ஏனென்றால் கட்டுகிற வரியில்தான் கழியும் அந்தச் சலுகை.
திங்கட்கிழமை வந்த பல்வைத்தியரும் மனைவியும்
ஒரே வருடத்தில் முழுதும் கழித்துக்கொண்டு போனார்கள்,
பையன் மேசைக்கடியில் என் காலணிக் கயிற்றை அவிழ்த்தபடி இருந்தான்.
இவர்கள் வரியோ தொள்ளாயிரத்துப் பதினாறு டாலர்.
குவளைக்கேற்ற தண்ணீர்.
மிச்சத்தை ஐந்து வருடம் முன்னெடுத்துப் போகலாம் என்றேன்,
ஏதோ பரிசு தருகிறவளைப் போல.

"ஐந்து வருடமா?" என்றாள் ஜோலீன்.
அவள் பேசிய முதல் சொல்.
"அதற்குள் அவள் பள்ளிக்கூடம் போவாள்.
எங்கள் பள்ளியாகவே இருக்கலாம்.
தட்டை நீட்டினால் எனக்கெப்படித் தெரியும்?"

மிட்டாய்க் கிண்ணத்தைத் தள்ளிவைத்தேன்.
எடுத்துக்கொண்டாள், பிரிக்கவில்லை.

டாரெல் கேட்டான்: காரில் மாட்டும் குழந்தை இருக்கை,
நூற்று எண்பது டாலர், அது சேருமா?
சேராது என்றேன்.
வக்கீல் சேரும், நீதிமன்றம் சேரும்,
மருத்துவமனைக்குப் போய்வந்த பெட்ரோல் சேரும்.
இருக்கை சேராது.
"பரவாயில்லை," என்றான், "அது தேவைப்படும்."

இருவரும் கையெழுத்திட்டார்கள்.
என் கூலியில் பாதியைக் குறைத்தேன்,
கணிப்பொறி காரணம் கேட்டது,
"பழைய வாடிக்கை" என்று பொய் தட்டினேன்.

வெளியே அவர்கள் வண்டி.
பின்னால் அந்த இருக்கை, பட்டைகள் பூட்டியபடி.
பக்கத்தில் இரண்டு ஆள் உட்காரும் இடமிருக்க,
ஜோலீன் முன்னால் ஏறி
முட்டை அட்டையையும் காலணிப் பெட்டியையும்
மடியில் வைத்துக்கொண்டாள்.