இருபத்திரண்டில் ஏழு

தொண்டை கட்டிய மூன்றாம் நாள்
சிறுநீர் தே-ஓ நிறத்தில் போனது.
மூன்று மணி பிரேக்கில் நாங்கள் குடிக்கிற
அதே பாலில்லாத நிறம்.
வெயில், தண்ணீர் போதவில்லை என்று
எனக்கு நானே எம்சி எழுதிக்கொண்டேன்.
பிறகு நுரை.
ஃப்ளஷ் செய்தும் போகாத நுரை,
மாமாக் கடையில் கை நீட்டி இழுத்து ஆற்றிய
தே தாரிக்கின்மேல் நிற்குமே, அப்படி.
சாக்ஸைக் கழற்றியும் கணுக்காலில்
அதன் வரி இரவுவரை பதிந்து கிடந்தது.

பதினாறு வருடம் பாயான் லெப்பாஸில்
மைக்ராஸ்கோப்பின்மேல் குனிந்திருக்கிறேன்.
கீறல், தூசு, விட்டுப்போன கம்பி.
கண் சொல்லும், கை ரிஜெக்ட் தட்டில் போடும்.
இந்த முறை குனியப்போவது வேறொருவர்.
நான் குப்புறப் படுத்திருந்தேன்.
"தாரிக் நஃபாஸ். தஹான்," என்றாள் தாதி.
இழுத்தேன். தாங்கினேன்.
ஸ்டேப்ளர் அடித்ததுபோல் ஒரு சத்தம்,
கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.
சேமியா இழையளவு சதை
குப்பியில் ஏறி மாடிக்குப் போனது.
ஆறு மணி நேரம் அசையாமல் மல்லாந்து கிடந்தேன்.
ஜன்னலில் கொடிமலை,
பாதிக்குமேல் மேகம்.

டாக்டர் தியோ ஹுவேய் லின்
திரையை என் பக்கம் திருப்பினார்.
ஊதாவும் இளஞ்சிவப்புமாய் நூல்கண்டுகள்.
ஒவ்வொன்றும் ஒரு வடிகட்டியாம்,
இரத்தத்தை உள்ளே நிறுத்தி
அழுக்கை மட்டும் வெளியே விடுமாம்.
கிருமியைப் பிடிக்கப் புறப்பட்ட என் காவல்காரர்களே
வழி தவறி அங்கே போய்ப் படிந்துவிட்டார்கள்.
அவர் சொல்லி முடிக்குமுன் விரல் வைத்தேன்:
"இது. இது. மூலையில் இருக்கிறதே, அது பாதி."
அவர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.
"லேபில் வேலையா?"
"இல்லை. கிலாங். குவாலிட்டி."

இருபத்திரண்டு எண்ணியிருந்தார்கள். ஏழு தழும்பு.
எங்கள் லைனில் ஆயிரத்துக்கு ஏழு என்றாலே
மானேஜர் பட்டர்வொர்த்திலிருந்து
பாலம் தாண்டி வந்துவிடுவார்.
மெஷினை நிறுத்துவார்கள்.
"இதை நிறுத்த முடியாது, தவமலர்.
போன ஏழு போனதுதான்.
மீதிப் பதினைந்தின்மேல் ஏறும் அழுத்தத்தைக் குறைப்போம்."

அழுத்தத்துக்கு ஒரு வெள்ளை மாத்திரை.
வறட்டு இருமல் வந்தால் சொல்ல வேண்டும்.
ஸ்டீராய்டு காலைச் சாப்பாட்டுக்குப் பின்,
மெல்ல மெல்லக் குறைத்து; நானாக நிறுத்தக்கூடாது.
இரண்டாம் மாதம் கேட்டில் தாப்பா
என் பாஸையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.
பாஸில் இருந்தவள் எனக்குத் தங்கை போலிருந்தாள்.
கருவாடு, ஊறுகாய், பிளாச்சான் எல்லாம்
பக்கத்து வீட்டு ஜரினாவிடம் போயின.
ஒரு வாரம் ரசம் வெந்நீராக இருந்தது.
பிறகு அதில் மிளகு பேசத் தொடங்கியது.

இன்று காலை
நுரையைப் பார்த்துக்கொண்டே எண்ணினேன்.
போன மாதம் அறுபதுவரை நின்றது.
இன்று பதினெட்டில் உடைந்தது.
இதெல்லாம் ஒரு கணக்கா,
ரத்தமும் சிறுநீரும் லேபுக்குப் போகட்டும்
என்பார் டாக்டர்.
போகட்டும்.
காலண்டரில் பதினெட்டு என்று எழுதினேன்.
கீழே ஃபேக்டரி பஸ்
இரண்டாம் ஹாரன் அடிக்கிறது.