பல்லைக் கடித்துக்கொண்டு

"இரவில் எதைச் சப்புறீங்கள்?" என்று கேட்டார்
ஆஸ்பத்திரி வீதிப் பல் டொக்டர்,
சின்னக் கண்ணாடி என் வாய்க்குள் இருக்கும்போதே.
இடியப்பம், சொதி என்றேன்.
அதைக் கேட்கவில்லை.
நித்திரையில்.

பின்பக்கத்து நாலு பல்லும் தேய்ந்து
அம்மியாய்க் கிடக்கிறதாம்.
ஒன்றில் வெடிப்பு, மயிர்க்கோடு மாதிரி.
முப்பத்தொரு வயதுக்கு இது கொஞ்சம் கூட.

பல்லைக் கடிச்சுக்கொண்டு இரும் பிள்ளை,
மார்ச் முடியட்டும்.
பல்லைக் கடிச்சுக்கொண்டு இரும்,
வேலையை நிரந்தரமாக்கட்டும், பிறகு பாப்பம்.
ஆறு வருடமாக எல்லோரும் சொன்னது இதுதான்.
நான் சொல்வழி கேட்கிற பிள்ளை.
நித்திரையிலும் கடித்திருக்கிறேன்.

வேலை, கடன் வசூல்.
ஸ்கூட்டி, மழைக்கோட்டு, ரசீதுப் புத்தகம்,
நுண்கடன் கொம்பனி தந்த நீல ரீசேட்.
கொட்டடியும் நாவாந்துறையும் குருநகரும் என் பங்கு.
காலை ஆறு ஐம்பதுக்கு வாட்ஸ்அப்பில்
மனேச்சர் கஜரூபன் ஒரு சூரிய உதயம் போடுவார்.
அதற்குக் கீழே எங்கள் பெயர்கள்.
சிவப்பில் இருப்பவர்கள் மத்தியானத்துக்குள்
காரணம் எழுதவேண்டும்.
காரணம் எழுதுவதில் நான் கெட்டிக்காரி:
கடல் கடும் காற்று. செத்தவீடு.
புருசன் ஆள் இல்லை.
எழுதும்போது இடது காதுக்குக் கீழே
ஒரு கொட்டைப்பாக்கு திரளும்.
வெய்யில் என்று நினைத்திருந்தேன்.

போன வருடம் மன அழுத்தத்துக்கு ஒரு பயிற்சி.
கொழும்பிலிருந்து வந்தவர்
குளிரூட்டிய அறையில் கண்ணை மூடச் சொன்னார்.
ஒரு கடற்கரையை நினையுங்கள் என்றார்.
எனக்கு வந்தது குருநகர்க் கரை.
வரிசையாக ஏழு வீடு,
ஆறு நிலுவை.

செவ்வாய் பின்னேரம் பெர்னடெற் அக்கா
வலையில் நண்டு கழற்றிக்கொண்டிருந்தார்.
என்னைக் கண்டும் எழும்பவில்லை.
கன்னம் வீங்கி, வாயில் கராம்பு.
"பல்லு," என்றார்.
"எனக்கும்," என்றேன்,
ரசீதுப் புத்தகத்தைத் திறக்கவேண்டிய இடத்தில்.
எந்தப் பக்கம்?
இடது.
எனக்கும் இடது.
கொஞ்ச நேரம் ஒருவர் தாடையை ஒருவர் பார்த்தோம்.
நண்டு ஒன்று வாளிக்குள் விழுந்து
தகரத்தைச் சுரண்டியது.
பிறகு சட்டைப்பையைத் தடவி
இன்னொரு கராம்பு எடுத்துத் தந்தார்.
அதை எந்தக் கட்டத்தில் பதிவது?

அன்று அவர் பெயருக்கு நேரே
காரணம்: பல்.
மனேச்சர் ஒரு கேள்விக்குறி அனுப்பினார்.
நான் பதில் போடவில்லை. முதல் தடவை.
பயமாகத்தான் இருந்தது.

இரவுக்கு மாட்டிக்கொள்ள ஒரு கவசம் செய்யலாம்,
பதினெண்ணாயிரம்,
இரண்டு தவணையில் தரலாம் என்றார் டொக்டர்.
தவணை என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது,
அவருக்கு விளங்கவில்லை.
பகலுக்குக் காசில்லாத வைத்தியம் ஒன்று உண்டாம்:
'ன்' என்று சொல்லி, அதிலேயே நில்லுங்கள்.
நாக்கு மேலே ஒட்டும்,
பல் பல்லை விட்டு விலகும்.
சாப்பிடாத நேரத்தில் பல் பல்லைத் தொடத் தேவையே இல்லை.

தேவையே இல்லையாம்.

பண்ணைப் பாலத்தில் ஸ்கூட்டியை நிறுத்தினேன்.
கடல் முழங்கால் அளவில் நின்றது,
நடுவில் ஒருவர் களங்கண்ணிக் கம்பைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.
பைக்குள் போன் நடுங்கியது.
நாக்கை மேலே வைத்து ஒவ்வொரு சொல்லாகத் தேடினேன்,
எது 'ன்' என்று முடியும் என்று.
முதலில் வந்தது
கடன்.

அதன் கடைசி எழுத்தில்
போன் ஓயும்வரை
நின்றேன்.