கதவைப் பார்த்த கட்டில்

லாபிஸ் கிளினிக்கின் பின்னறையில்
மூன்று நாள் பயிற்சி.
ஏர்கோன் ஓடவில்லை. ஜன்னலைத் திறந்தால்
செம்பனை ஆலையின் புளித்த வாடை.
நாங்கள் பதினொரு பேர்,
எங்களோடு ஒரு பிளாஸ்டிக் கருப்பை.

கருத்தடை வளையத்தை அதற்குள் வைத்துப் பழகினோம்.
நான்காம் தடவையில் என் கை நடுங்கவில்லை.
அது பல்லைக் கடிக்கவில்லை,
"மெதுவா மிஸ்ஸி" என்று சொல்லவில்லை.
மதியத்துக்குள் எல்லாருக்கும் நல்ல மதிப்பெண்.

சொற்களில்தான் தடுக்கி விழுந்தோம்.
உறுப்பின் பெயரை மலாயில் சொல்லிவிடுவோம்,
ஆங்கிலத்தில் எழுதிவிடுவோம்.
தமிழில் சொல்லுங்கள் என்றார் சிஸ்டர் நோர்லைலா,
தனக்குத் தமிழ் தெரியாவிட்டாலும்.
அமராவதி காற்றாடியைப் பார்த்தாள்.
நான் இருமினேன்.
பதினாறு வருஷமாக எங்கள் கையில் இருந்தது
"கீழே", "அங்கே", "அந்த இடம்".
ஓர் உடம்பு முழுவதையும்
திசை காட்டியே பார்த்து முடித்திருக்கிறோம்.
கடைசியில் யோனி என்றவன் தயாபரன்,
எங்களில் ஒரே ஆண்.
சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தான்.

இரண்டாம் நாள் நடிப்பு.
அவனுக்கு வந்த சீட்டு:
வயது பத்தொன்பது, மருந்து தெளிக்கும் வேலை,
புருஷனுக்குத் தெரியாமல் வந்திருக்கிறாள்.
சிரித்தோம். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு
அவனும் சிரித்தான்.
"கடைசியா எப்பத் தலைக்கு ஊத்திக்கிட்ட?"
கேட்டது நான்தான், பேனாவைத் திறந்தபடி,
பாரத்தைப் பார்த்தபடி.
அவனுக்குப் பதில் தெரியவில்லை.
விரல்விட்டு எண்ணினான். தீபாவளிக்கு முன்னாலா,
சம்பளத்துக்குப் பின்னாலா,
பாதியில் நிறுத்திவிட்டு
என் பேனாவையே பார்த்தான்.
அந்த இடத்தில் நான் வழக்கமாகச் சொல்வது:
"சீக்கிரம் சொல்லும்மா, வெளிய ஆளு நிக்குது."
நாக்குவரை வந்தது.

பிறகு எங்களை ஒவ்வொருவராகப்
பரிசோதனைக் கட்டிலில் படுக்கச் சொன்னார் சிஸ்டர்.
உடை அப்படியே. கால்கள் மட்டும் கொக்கிகளில்.
இரண்டு நிமிஷம். பேசக்கூடாது.

கூரையில் மழை ஊறிய கறை.
விளக்குக் கூண்டில் ஈசல் இறக்கைகள்.
தலையைத் தூக்கினால், விரிந்த முழங்கால்களுக்கு நடுவே
நேராகக் கதவு.
கதவின் அடியில் இரண்டு விரல் வெளிச்சம்.
அதில் செருப்புகள் நடக்கின்றன.
ஒரு ஜோடி நிற்கிறது.

இந்த அறையைத் திறப்பதும் பூட்டுவதும் நான்.
இந்தக் கட்டிலின் விரிப்பை
எத்தனை ஆயிரம் தடவை மாற்றியிருப்பேன்.
படுத்தால் கதவு இப்படித் தெரியும் என்று
ஒருத்தியும் என்னிடம் சொன்னதில்லை.

இல்லை, சொன்னார்கள்.
"வேணாம் மிஸ்ஸி, அப்புறம் வர்றேன்" என்றார்கள்.
அட்டையில் சிவப்பு மையால் எழுதினேன்:
ஒத்துழைக்க மறுத்தார்.

மூன்றாம் நாள், சான்றிதழ் கொடுப்பதற்கு முன்
தயாபரனும் நானும் கட்டிலைத் திருப்பினோம்.
சக்கரமெல்லாம் துரு. தரையில் நான்கு கோடு விழுந்தது.
இப்போது தலைமாட்டில் கதவு,
கால்மாட்டில் சுவர்,
இடையில் என் ஸ்டூலுக்கு மட்டும் இடம்.
விளக்கு வயர் எட்டவில்லை.
எக்ஸ்டென்ஷன் இழுத்தோம், அதில்
டாக்டர் லிம் இரண்டு தடவை தடுக்கி
யாருடைய வேலை இது என்று கேட்டார்.
நான் கையுறை எண்ணிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை முதல் ஆள் சுமியாத்தி.
ஜாவாவிலிருந்து வந்தவள்,
பாஸ்போர்ட் எஸ்டேட் ஆபீசில்,
நகக்கண்ணில் உரத்தின் வெள்ளை.
இந்தக் கட்டில் எப்போதும் இப்படித்தான் கிடக்கிறது
என்று நினைத்திருப்பாள்.

கடைசியாக எப்போது என்று மலாயில் கேட்டேன்.
பேனாவை மூடி மேசையில் வைத்தேன்.
வெளியே யாரோ தொண்டையைச் செருமினார்கள்.
அவள் கட்டைவிரலில் தொடங்கிச்
சுண்டுவிரல்வரை போய்
மறுபடி கட்டைவிரலுக்கு வந்தாள்.