இரண்டு விரல் தளர்வு

இரண்டும் பழசு போலப் பிறந்த புதுசு.
வட்ட விளக்கு, கம்பிச் சக்கரம்,
முழங்கால் அணைக்கக் குழிந்த டேங்க்.
கட்டபெட்டு பங்க்கில் அருகருகே நிறுத்தினால்
காற்றுப் பிடிக்கிற பையனுக்கு
அண்ணன் தம்பி.
பின்சக்கரத்தருகே குனிந்தால்தான் தெரியும்
நானும் போஜராஜும்
ஏழு வருஷமாய் எதற்கு அடித்துக்கொள்கிறோம் என்று.

அவனுடையது ஷாஃப்ட்.
ஒரு குழாய், உள்ளே ஒரு தண்டு,
மூடிய அறையில் பல்லோடு பல் பேசும் ரகசியம்.
மழை தெரியாது, மண் தெரியாது.
நின்ற இடத்தில் முறுக்கினால் மட்டும்
தூக்கத்தில் புரள்பவன் மாதிரி வலப்பக்கம் ஒரு சாய்வு.
"அது மூச்சு" என்பான்.
"வாயு" என்பேன்.

என்னுடையது செயின்.
நூற்றுப்பத்துக் கண்ணி, அத்தனையும் வெளியே.
குஞ்சப்பனைப் புழுதியும் அரவேணுச் சேறும்
அதற்குத்தான் முதலில் தெரியும்.
ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை
மண்ணெண்ணெய், பழைய பல்துலக்கி,
ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.
நடுவில் தூக்கிப் பார்த்தால்
இரண்டு விரல் ஆட வேண்டும்.
இறுக்கினால் அறும்.
விட்டால் கழலும்.
இதைத் தத்துவமாக்காதே என்று
எத்தனை முறை என்னையே அதட்டியிருக்கிறேன்.

அவன் பெரியம்மா சாவுக்கு
வெள்ளைச் சால்வை போர்த்தி ஹட்டிக்குப் போனேன்.
முந்தின இரவு ஆசையாய் அள்ளிப் பூசிய எண்ணெய்
முதுகில் புள்ளி வைத்திருந்தது,
கோடு இழுக்க மறந்த கோலம்.
அழுதுகொண்டிருந்தவன் நிமிர்ந்து எண்ணினான்.
அன்று ஒன்றும் சொல்லவில்லை.
மறுவாரம் சொன்னான்: "பதினொன்று."

ஏற்றத்தில் இரண்டாம் கியர் அழாமலிருக்க
பின்னால் இரண்டு பல் கூட்டினேன்.
உன்னால் முடியுமா?
உன்னுடையது தொழிற்சாலையிலேயே எழுதிய ஜாதகம்.
"மாற்றத் தேவையில்லாத ஜாதகம்" என்று
கால்சட்டையின் சுத்தத்தைக் காட்டினான்.

ஐப்பசி. கோடநாடு சாலை. மாலை ஆறரை.
திடீரென்று எஞ்சின் மட்டும் அலறியது,
வண்டி வரவில்லை.
பத்தடி பின்னால், ஈரத் தாரின்மேல்,
கறுப்பாய்ச் சுருண்டு கிடந்தது என் வாதம்.
இறங்கி வந்தான். சிரிக்கவில்லை.
அவன் டூல் பையில்
ஆர்சி புத்தகமும் பாதி பிஸ்கட் பாக்கெட்டும்.
என் பையில் கிளிப் லிங்க் இரண்டு, இடுக்கி,
அறுந்த பின்னைத் தள்ளும் குட்டிக் கருவி.
செல்போன் வெளிச்சம் பிடித்தான்.
தேயிலைக்கு மேலே எங்கோ
ஒரு காட்டெருமை மூச்சுவிட்டது.
நான் திட்டியதெல்லாம் அதற்குக் கேட்டிருக்கும்.

நாற்பது நிமிஷம்.
"சக்கரத்தைச் சுற்று" என்றேன்.
சுற்றினான்.
கண்ணி ஒவ்வொன்றும் பல்லில் வந்து அமர்வதை
முதல்முறை ராட்டினம் பார்ப்பவன்போலப் பார்த்தான்.
கறுத்த விரல்களை எங்கே துடைப்பதென்று தெரியாமல்
கோத்தகிரி வரை விரித்தபடி ஓட்டினான்.

நான் ஜெயித்ததாய் இதை எழுத முடியாது.
அறுந்தது என்னுடையது.

தை மாதம் அவனுடையது கசிந்தது.
வளையல் அளவு ரப்பர், ஒரு ஆயில் சீல்.
கோயம்புத்தூரில் கை விரித்தார்கள்.
கப்பலில் வர வேண்டுமாம்.
தார்ப்பாய்க்குக் கீழே பதினான்கு வாரம்.
இதையும் ஜெயித்ததாய் எழுத முடியாது.
ஏழு வருஷத்தில் அந்த வண்டி
வாய் திறந்து கேட்டது இது ஒன்றுதான்.

பதினான்கு வாரமும் ஃபேக்டரிக்கு
என் பின்னால் உட்கார்ந்து வந்தான்.
ஆள் ஏறினால் தளர்வு மாறும்.
அவனை உட்காரச் சொல்லி,
குனிந்து, மறுபடி அளந்தேன்.
வெள்ளைச் சட்டையை அவன் நிறுத்தவில்லை.
தினமும் கேட்டில் இறங்கியதும் முதுகைத் திருப்பி
"எத்தனை?" என்பான்.

சீல் வந்துவிட்டது என்று பங்க்கில் சொன்னார்கள்.
மெக்கானிக்குக்கு மணிக்கட்டு சுளுக்கு என்கிறான் இவன்.
நான் விசாரிக்கவில்லை.

வியாழக்கிழமை, நான்கு.
எண்ணெய் குறைத்துத்தான் போட்டிருந்தேன்.