துளை மட்டும்

பனி வழிக்கக் கூரையேறினான் கனாமே.
விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.
அசாஹிகாவாவில் பனி
எல்லாவற்றையும் பொத்திப் பொத்தி வைக்கும்.

அதன் பிறகு அவன் வலது கை
பழக்கமில்லாத வீட்டு விருந்தாளி மாதிரி
மடியிலேயே உட்கார்ந்திருந்தது.

ஆய்வில் சேர்ந்தோம்.
யாரோ ஒருவரின் எலும்பு மஜ்ஜை,
அதில் வளர்த்தெடுத்த ஸ்டெம் செல்கள்,
மண்டையோட்டில் சின்னத் துளை.
"அங்கேயே தங்கிவிடாது" என்றார் டாக்டர் நிஷிகோரி.
"பக்கத்துச் செல்களிடம் ஏதோ சொல்லிவிட்டுக்
கொஞ்ச நாளில் கரைந்துவிடும்."

என்ன சொல்லும்?
அவர் பேனாவை மூடினார்.

சிலருக்குத் துளை மட்டும்தான், செல் கிடையாது.
யாருக்கு எது என்று ஓராண்டு சொல்லமாட்டார்கள்.
சொல்லத்தான் வேண்டுமா?
ஏழாம் வாரம் சுண்டுவிரல் அசைந்தது.
அன்றிலிருந்து,
பயணம் போனவர்களுக்கு எடுத்துவைப்போமே, அதுபோல,
அந்த முகமறியாத ஆளுக்கு
தினமும் ஒரு கிண்ணம் சோறு.
ஆணோ பெண்ணோ,
மீன் பிடிக்குமோ பிடிக்காதோ.

பிப்ரவரியில் கடிதம் வந்தது.
துளை மட்டும்.

கோபம்தான் முதலில் வந்தது,
யார் மேல் என்று தெரியாத கோபம்.
ஓராண்டுச் சோறு!
அப்படியென்றால் அந்த விரலிடம்
யார்தான் பேசியது?

கனாமே கடிதத்தை வாங்கினான்.
மடித்தான், கோணலாக.
பிறகு வலது கையை நீட்டி
ஆறிப்போன அந்தக் கிண்ணத்தைத்
தன் பக்கம் இழுத்தான்.

மேசையைக் கீறிக்கொண்டு அது வந்த சத்தம்
நன்றாகக் கேட்டது.