இரண்டு சாவி

என் மேசைக்கு வருவதெல்லாம் காகிதம்.
பாமாயில், பழைய இரும்பு, கொரியாவின் பல்சக்கரம்.
டாலரில் விலை எழுதி
ரூபாயில் அழுகிற சரக்குகள்.
ராஜாஜி சாலையில் மூன்றாம் மாடி,
சுங்கத்துக்குப் பத்திரம் நிரப்புகிறவள் நான்.
எந்த முதலாளி எந்தத் தேதியில் பணம் கட்டுவான் என்பது
அவன் பெண்டாட்டிக்கு முன்னால் எனக்குத் தெரியும்.

பக்கத்து நாற்காலி ஹெர்மினாவுக்கு
கப்பலும் வேண்டாம், செய்தியும் வேண்டாம்.
"விலைக்கு எல்லாம் தெரியும், விலைய மட்டும் பாரு."
போன் திரையில் பச்சையும் சிவப்புமாய் நிற்கிற
மெழுகுவத்திகளின் தலையைத் தொட்டு
விரலால் ஒரு கோடு இழுப்பாள்.
ராயபுரம் கோயிலில் அவள் ஏற்றுகிற மெழுகுவத்திக்கு
அவ்வளவு பயபக்தி கிடையாது.

கணக்கு அவள் பெயரில்,
பணம் பாதிப் பாதி.
பாங்க் லாக்கர் மாதிரி ஒப்பந்தம்:
இரண்டு சாவியும் திரும்பினால்தான் கதவு.

மாசக் கடைசி.
மணலி ஆலையின் தீநாக்கு
தண்டையார்பேட்டையில் என் மொட்டைமாடிவரை தெரிகிறது.
கச்சா எண்ணெய் ஏறியிருக்கிறது.
கண்டெய்னர் லாரிகள் எர்ணாவூர் தாண்டி வரிசை.
அன்றைக்கு மட்டும் இறக்குமதி பில் நாற்பத்தொன்று.
"டாலர் ஏறும், வாங்கு" என்றேன்.

"ஏறட்டும். எண்பத்திரண்டு எழுபத்தஞ்சுல
மூணு தடவ முட்டிட்டுத் திரும்பியிருக்கு.
உன் காரணம் சரி. நேரம் தப்பு."

"நேரம் பாத்துட்டு நின்னா கப்பல் போயிடும்."

"போனா அடுத்த கப்பல்."

ஷேர் ஆட்டோவில் கல்மண்டபம் வரைக்கும்
நாங்கள் பேசவில்லை.

மறுநாள் இல்லை, அதற்கு மறுநாள்
பத்தே முக்காலுக்கு
கோட்டுக்கு மேலே
முழுசாய் ஒரு பச்சை மெழுகுவத்தி எழுந்து நின்றது.
அவள் என்னைப் பார்த்தாள்.
நான் பில் கட்டைப் பார்த்தேன்.
ஐந்து லாட்.
பன்னிரண்டு பைசா கீழே இறங்கினால் தானாக வெளியேற
வாங்கின கையோடு எல்லையும் போட்டோம்.

ஒன்பது பைசா ஏறியது.
ஆறு வருஷத்தில் முதல் தடவையாக
ஹெர்மினா எனக்கு வடை வாங்கிக் கொடுத்தாள்.

வடை ஆறவில்லை.
மும்பையில் ஒரு பெரிய கை
டாலரைக் கொட்டிவிட்டது என்றார் கேஷியர் தாவூது.
யார் கை என்று அவருக்கும் தெரியாது.
என் காகிதம் எதிலும் அந்தக் கை இல்லை.
அவள் கோடு எதிலும் இல்லை.
அறுநூறு ரூபாய்.

நோட்டில் எழுத வேண்டும், அதுவும் ஒப்பந்தம்.
காரணம் என்ற கட்டத்தில் என் கையெழுத்து.
நேரம் என்ற கட்டத்தில் அவளுடையது.
தப்பு என்ற கட்டம் வந்ததும்
ஒருத்திக்கு ஒருத்தி பேனாவை நீட்டினோம்.
கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது.

"எல்லை போடாம விட்டிருந்தா
சாயங்காலத்துக்குள்ள ரெண்டாயிரம் போயிருக்கும்"
என்றாள், ஆறுதல் மாதிரி.
எனக்கு ஆறவில்லை.
ஆனாலும் கூட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் சொல்லியிருந்தாள்.

ஆறு மணிக்கு ஜன்னல்வழியே
துறைமுகத்துக்கு வெளியே காத்திருக்கிற விளக்குகளை எண்ணினேன்.
"ஏழு கப்பல்."
அவள் போனைத் திருப்பிக் காட்டினாள்.
"இறங்குறது இன்னும் முடியல."

இன்றைக்கு இரண்டு சாவியும் அவரவர் பையில்.
கல்மண்டபம் வரைக்கும்
வஞ்சிரம் விற்கிற விலையைப் பற்றிப்
பேசிக்கொண்டே போனோம்.