வசனமில்லாத பாகம்

ஆடி என்பதால் மண்டபம் பாதி வாடகை.
ஒழுகினசேரியில் கல்யாணம் இல்லாத மாதத்தில்
எங்களுக்கு நாடகம்.
கறுப்புத் துணிக்குப் பின்னால்
போன முகூர்த்தத்தின் தெர்மாகோல் எழுத்துகள்
இன்னும் ஒட்டியிருக்கின்றன:
அஜின் முழுசாக இருக்கிறான்,
பெண்ணின் பெயரில் கடைசி இரண்டெழுத்து மட்டும்.

எனக்குப் பிணத்தின் பாகம்.
வசனம் நிற்காத மண்டை என்று
சுயம்பு அண்ணன் முதல் ஒத்திகையிலேயே சொல்லிவிட்டார்.
டைல்ஸ் கடையில் அறுபது டிசைனுக்கு
நம்பரும் விலையும் மனப்பாடம் எனக்கு.
மேடையில், 'அம்மா, சோறு போடு'
நாக்கில் ஏறாது.
ஆகவே கிடத்தினார்கள்.

நாற்பத்திரண்டு நிமிடம் சாவு.
சுலபம் என்பவன் கிடந்து பார்க்கட்டும்.
முதலில் மூக்கு அரிக்கும்.
மூக்கை நினைக்காதே என்று வேறெதை நினைத்தாலும்
அதுவும் அரிக்கும்.
பெபின் தட்டுகிற ஒவ்வொரு விளக்கும்
மூடிய இமைக்குள் ஒரு நிறமாய் வரும்.
ஆரஞ்சு என்றால் றோஸ்லெட் அழப்போகிறாள்,
நீலம் என்றால் கடல்.
கொசுவுக்கு எல்லா நிறமும் ஒன்றுதான்.

மூச்சுதான் என் வித்தை.
வயிற்றில் இழுத்து, நெஞ்சைத் தூக்காமல்
நூல் மாதிரி விடவேண்டும்.
பிணம் மாதிரியே கிடந்தாய் என்று
யாராவது சொல்லிவிட்டால்
அன்று இரவு எனக்கு உறக்கம் வராது.

அன்று தகரக் கூரையில் மழை.
றோஸ்லெட்டின் ஒப்பாரி பாதி எனக்கே கேட்கவில்லை.
அவள் ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் நர்ஸ்,
பத்து மணிக்கு டியூட்டி.
என் நெஞ்சில் அடித்து அழும்போதே
மணிக்கட்டைத் திருப்பி வாட்ச் பார்ப்பாள்.
அந்த ஒரு அடி மட்டும்
வலிக்காது.

ஒன்பது இருபதுக்குக் குளச்சல் கடைசி பஸ்.
ஒன்பது ஐந்துக்கே செருப்புச் சத்தம் தொடங்கியது.
நாற்காலி இழுபட்டது, குடை விரிந்தது,
'எழும்பு டே, பஸ்ஸு போவும்' என்று ஒரு குரல்.
செத்தவனுக்குச் செவி கூர்மை.
எண்ணினேன். இருபத்தாறு ஜோடி.
றோஸ்லெட் விடுவாளா?
'எல்லாரும் போறாவளே மக்கா,
கடைசி வண்டியும் போவுதே,
நீ மட்டும் எழும்பலியே' என்று
எழுதாத வரியை எடுத்து வீசினாள்.
செருப்புகள் ஒரு கணம் நின்றன.
பிறகு போயின.
பஸ் பஸ்தான்.

துணியை அவிழ்த்து
பாடையை டெம்போவில் ஏற்றப் போகும்போதும்
முன்வரிசையில் ஒரு பெண் இருந்தாள்.
ஐம்பது வயதிருக்கும். மடியில் மடக்கிய குடை, சேலையெல்லாம் ஈரம்.
'கிடந்தது நீயா?'
'ஆமா.'
'மூச்சு விட்ட.'
நான் தரையைப் பார்த்தேன். வெள்ளை, இரண்டுக்கு இரண்டு, மலிவுச் சரக்கு.
'தெரிஞ்சுதா?'
'மொதல்லேருந்தே தெரிஞ்சுது.
அதத்தான் பாத்துட்டு இருந்தேன்.'

பஸ் போயிருக்குமே என்றார் சுயம்பு அண்ணன்.
போட்டு, என்றாள்.
டெம்போ திங்கள்நகர் வரை போகும்.
பின்னால், முதல் காட்சியில் பஞ்சாயத்து நடக்கும் பெஞ்சில்
அவளை உட்காரவைத்தோம்.
நடுவில் பாடை, எதிரில் நான்.
சுங்கான்கடை ஏற்றத்தில் பாடை சரிந்தது.
ஒரு கையால் அவள் பிடித்தாள்,
ஒரு கையால் நான்.
எந்தக் கரை, யாரைத் தேடி என்று நாங்கள் கேட்கவில்லை.
அவளும் சொல்லவில்லை.
இறங்கும்போது மட்டும்,
'நாளைக்கும் உண்டுமா?'
'தக்கலையில. ஏழு மணிக்கு.'
குடையை விரிக்காமலே நடந்தாள்.

தக்கலைக்கு வந்தாளா, தெரியாது.
கண்ணை மூடியிருந்தேன்.
நெஞ்சைக் கொஞ்சம் தூக்கித்தான்
மூச்சு விட்டேன்.
பிணம் அசைந்தது என்று சுயம்பு அண்ணன்
அன்றைய கூலியில் ஐம்பது ரூபாய்
பிடித்துக்கொண்டார்.